என்ன சாப்பிட்ட, நஃபீசா?

தன் கணவர் துபாயில் என்ன வேலை பார்க்கிறார் என்பது நஃபீசாவுக்குப் பல வருடங்கள் சரியாகத் தெரியாது. கேட்டால், "ஓட்டல்ல" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதுமில்லை. பெரியபட்டினத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டுக்குச் சபர் போயிருந்த காலம் அது. கடையில, கம்பெனியில, ஓட்டல்ல என்ற மூன்று சொற்களுக்குள் எல்லா ஆண்களின் பிழைப்பும் அடங்கிவிடும்.

1987இல் அவளுக்கும் ஹமீது சுல்தானுக்கும் நிக்காஹ் ஆனது. அவளுக்குப் பத்தொன்பது வயது. அவர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு விசா வந்துவிட்டது. கிளம்புகிற அன்று காலையில் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்து, "வாரேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். புருசனிடம் மச்சான் என்று கூப்பிட்டுப் பேசவே அப்போது அவளுக்குக் கூச்சம் விட்டிருக்கவில்லை.

அந்த நாட்களில் அவர் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊர்க்காரர் யாராவது விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். கூடத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துச் சுற்றிலும் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். உம்மாவுக்கு அரைமணி நேரம், தம்பிகளுக்கு, மாமன்மார்களுக்கு என்று போய்க் கடைசியில், "நஃபீசாவுக்கும் சலாம். உடம்பைப் பாத்துக்கிறச் சொல்லுங்க" என்று வரும். அந்த ஒரு வரிக்காக அவள் நாடா முழுவதும் காத்திருப்பாள். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு டெலிபோன் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, கூடவே அவருடைய உம்மாவான மாமியும் நிற்க, "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீகளா?" என்பதற்கு மேல் என்ன பேச முடியும்?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் வருவார். இரண்டு மாதம் இருப்பார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு அணையாது. மாமியும் நஃபீசாவும் மாறி மாறிச் சமைப்பார்கள். நெய்ச்சோறு, இடியாப்பம், கணவாய்ப் பொரியல், இனிப்புக்குத் தொதல் என்று ஒரு நாளில் செய்தது மறுநாள் இருக்காது. அவர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூட மாமி, "உனக்கென்ன வாப்பா இங்கன வேலை? போய் உக்காரு. அங்கன கெடந்து ஒழைக்கிறது போதாதா?" என்று விரட்டிவிடுவாள். அவர் சாப்பிட்டு முடித்தபின், அவர் தட்டில் மிச்சம் என்ன என்று பார்த்துத்தான் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நஃபீசா தெரிந்துகொள்வாள்.

அவர் கிளம்பிப் போன வாரத்தில்தான் அவளுக்குப் பசிக்கத் தொடங்கும். அவருக்காகச் செய்து மீந்த பலகாரம், அவர் கொண்டுவந்த பெட்டியின் அடியில் கிடக்கும் சாக்லேட், மதியம் ஆறிப்போன சோறு என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகள் சபியா பிறந்த பிறகு உடம்பு இன்னும் ஏறியது. சபர் போனவர் பெண்டாட்டி கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் வீட்டுக்கு மதிப்பு என்று மாமியும் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடங்கள் போயின.

2005இல் நஃபீசாவின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. தொழுகையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழ முப்பத்தேழு வயதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு நூர் நிஷாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திருப்புல்லாணி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி ராமநாதபுரத்துக்குப் போனாள். அங்கே ஒரு லேடி டாக்டர் அவளை எடை மேடையில் ஏற்றினார், ரத்தம் எடுத்தார், காலை மடக்கிப் பார்த்தார்.

"சர்க்கரை எல்லையில நிக்குது. பிரஷரும் கொஞ்சம் இருக்கு. மாத்திரை இப்ப வேணாம், முதல்ல உடம்பைக் குறைப்போம். ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க?"

நஃபீசா நூர் நிஷாவைப் பார்த்தாள். நூர் நிஷா கூரையைப் பார்த்தாள்.

"சோத்தைப் பாதியாக் குறைங்க. சாயங்காலப் பலகாரத்தை நிறுத்துங்க. மீன் நல்லாச் சாப்பிடுங்க, பொரிக்காம. தினமும் நடங்க. பத்துக் கிலோ இறங்கினாலே முழங்காலுக்குப் பாதி பாரம் போயிடும்" என்றார் டாக்டர்.

அதற்குள் வீட்டில் செல்போன் வந்திருந்தது. ஹமீது சுல்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, சாயங்கால வேலைக்குப் போவதற்கு முன்னால் கூப்பிடுவார். மாமிக்கு முதலில் கொடுத்துவிட்டு, நஃபீசா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். கல்யாணமாகி அத்தனை வருடத்துக்குப் பிறகு, தனியாகப் பேச இடம் கிடைத்தது முருங்கை மரத்தடியில்தான். ஆனால் இடம் கிடைத்தும் பேச்சு பழைய தடத்திலேயே ஓடியது. மாமியின் மருந்து, சபியாவின் படிப்பு, வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

அன்றைக்கு அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"சோத்தைக் கொறைக்கச் சொல்றாக மச்சான். சோறு இல்லாம மீன் ஆணத்தை எதுல ஊத்தித் திங்கிறது?"

அவர் சிரித்தார். "எங்க கடைக்கு வாரவுகளைப் பாரு. சோறும் மீனுந்தான் திங்கிறாக. ஒருத்தருக்கும் வயிறு இல்ல."

"யாரு, அரபியா?"

"ஜப்பான்காரவுக."

"ஜப்பான்காரவுகளுக்கு நீங்க மீன் ஆணம் காச்சுறீகளா?"

"ஆணம் இல்ல நஃபீசா. பச்சை மீனு. மெல்லிசா அரிஞ்சு, சோத்தைக் கையில உருட்டி, அது மேல வச்சுக் குடுக்கணும். சுஷின்னு பேரு. பத்து வருசமா அந்த வேலைதான் பாக்குறேன்."

"பச்சையாவா?"

"உம்மாட்டச் சொல்லிராத."

அவருடைய கதையை அன்றுதான் அவள் கேட்டாள். பாத்திரம் கழுவுகிற வேலைக்குத்தான் அவர் அந்த ஓட்டலுக்குப் போனார். அங்கே ஜப்பான் சாப்பாட்டுக்கென்று தனிப் பகுதி ஒன்று திறந்தார்கள். தலைமைச் சமையல்காரர் ஒரு நாள் இவர் வேலை முடிந்து மீன் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறார். கடற்கரைக்காரர் கை, முள்ளோடு சதை போகாமல் எடுத்தது. உடனே இவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். ஒரு வருடம் சோறு மட்டும் கழுவவும் விசிறவும் விட்டார்கள். பிறகுதான் கத்தி கொடுத்தார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேராகத் தன் கையால் செய்து வைக்கிறார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள் நஃபீசா.

"என்னன்னு சொல்றது? பச்சை மீனை அரியுறேன்னா நம்ம ஊர்ல சிரிப்பாக."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறைக்கத் தெரியாமல் அன்று இரவுச் சாப்பாட்டில் மாமியிடம் உளறிவிட்டாள். சுஷி என்ற பேரை இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஊசிப் போனதையா திங்கிறாக?" என்றாள் மாமி.

"ஊசிப் போனதில்ல மாமி. சுஷி."

"பச்சையாத் திங்கிறது மார்க்கத்துல கூடுமா?"

அந்தச் சந்தேகம் மாமிக்குத் தீராமல், பள்ளிவாசல் ஆலிமிடம் ஆள் விட்டுக் கேட்டாள். மீன் கூடும், அறுக்கவும் வேண்டியதில்லை, வேக வைப்பதும் வைக்காததும் அவரவர் வயிற்றைப் பொறுத்தது என்று பதில் வந்தது. மாமிக்கு அது திருப்தியாக இல்லை. என்றாலும், மகன் ஹராமான வேலை பார்க்கவில்லை என்று சமாதானமானாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நஃபீசா நேராகவே கேட்டாள்.

"அதைத் தின்னா எனக்கு உடம்பு எளைக்குமா மச்சான்?"

இதற்கு அவர் விளையாட்டாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையைப் பற்றி யாரும் அவரிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. அவர் யோசித்தார்.

"எதைத் திங்கிறோங்கிறதைப் பொறுத்தது. மீனு மட்டும் அரிஞ்சு வைக்கிறது இருக்கு, சோறே இல்லாம. ஒடம்பு கொறைக்கணும்னு வாரவுக அதைத்தான் கேக்குறாக. சோத்து மேல மீனு வச்சுத் தாறது அளவாத் தின்னா தப்பில்ல. ஆனா அந்தச் சோத்துல புளிப்புக்குக் காடி ஊத்தி, சீனியும் உப்பும் கலக்குறோம். சின்னதாத் தெரியும், ஏழெட்டுத் தின்னா நீ திங்கிற ஒரு தட்டுச் சோறு உள்ள போயிரும். சுருட்டி வெட்டுறது ஒண்ணு இருக்கு. நம்ம கடல்ல பாசி எடுக்குறாகள்ல, அது மாதிரிப் பாசியைத் தாளாக் காய வச்சு, அதுல சுருட்டுறது. அதுக்குள்ள பொரிச்ச எறாலை வச்சு, மேல வெண்ணெ மாதிரி ஒண்ணு ஊத்துவாக. அதைத் தின்னா நீ இன்னும் பெருப்ப. தொட்டுக்கிற கறுப்புத் தண்ணி பூரா உப்பு. ஒனக்குப் பிரஷர்ங்கிற, அது ஆகாது."

"அப்ப அந்த ஜப்பான்காரவுக எப்படி எளைச்சிருக்காக?"

"அவுக கொஞ்சமாத் திங்கிறாக. ஒரு துண்டு எடுத்தா, அதைப் பாப்பாக, மெதுவா மெல்லுவாக, பேசுவாக. வயிறு நெறைய முன்னாடியே எந்திரிச்சுருவாக. நம்ம அள்ளிப் போட்டுக்கிறோம்."

அவள் மரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது சாப்பாட்டு விவரமானாலும், அவர் இவ்வளவு நேரம் தன்னோடு மட்டும் பேசியது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட, நஃபீசா?" என்று அவர் கேட்டார்.

அதை இதற்கு முன் யாரும் அவளிடம் கேட்டதில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்க்கிற வேலை அவளுடையது. அவள் சாப்பிட்டதைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை? கொஞ்சம் தயங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னாள். சோறு, நகரை மீன் ஆணம், அப்பளம், பிறகு மறுசோறு. அவர் திட்டவில்லை. "நாளைக்கு மறுசோறு வேணாம். மீனை முதல்ல தின்னு. அப்புறமாச் சோத்துக்கு வா" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் கேட்பார், அவள் சொல்வாள். பொரித்த மீனை விட்டதைச் சொன்னாள். தொதலை வழித்துத் தின்றதையும் சொன்னாள். விடியலில் சுபுஹு தொழுத பிறகு நூர் நிஷாவோடு கடற்கரை ரோட்டில் நடக்கத் தொடங்கியதைச் சொன்னாள். நூர் நிஷாவுக்கு வியாதி ஒன்றுமில்லை, ஊர்ப்பேச்சுக்காக வந்தாள். எதிரே மீன்கூடையோடு வரும் ராக்கு இவர்களைப் பார்த்து, "யாத்தே, வெள்ளன எந்திரிச்சு எங்கனதான் போறீக ரெண்டு பேரும்?" என்று தினமும் கேட்பாள். வாரத்தில் ஆறு நாளும் நடப்பதையெல்லாம் வெள்ளிக்கிழமை சொல்வதற்காகவே நஃபீசா சேர்த்து வைத்தாள். பசியோடு படுக்கிற ராத்திரிகளில் அவளுக்குச் சோற்றின் நினைவைவிட அந்தக் குரலின் நினைவு அதிகமாக வந்தது. பசி வேறு, இந்த ஏக்கம் வேறு என்பதும், இத்தனை வருடம் ஒன்றை மற்றொன்று என்று எண்ணித் தின்றுகொண்டிருந்தோம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் வாடிக்கைக்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்கார வயதான அம்மா ஒருவர் வியாழக்கிழமைதோறும் வருவாராம். இவருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவாராம். பல் சரியில்லாததால் அவருக்குக் கணவாயைக் கீறிக் கீறி வைக்க வேண்டும். சோற்றைப் பாதியாக உருட்ட வேண்டும். சூரை மீனில் வயிற்றுப் பக்கம்தான் பிடிக்கும். கேட்காமலே இவர் செய்து வைத்துவிடுவார்.

"அவுகளுக்கு என்ன புடிக்கும்னு தெரியுது" என்றாள் நஃபீசா. "எனக்கு என்ன மீனு புடிக்கும் மச்சான்?"

"வெளமீனு" என்றார் உடனே.

"அது ஒங்க உம்மாவுக்கு."

மறுமுனையில், அவருக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் கூப்பிடுவது கேட்டது.

"எம்புட்டு வருசமா யாரு யாருக்கோ கையில உருட்டிக் குடுத்துருக்கீக. நான் ஒரு வாய் தின்னதில்ல" என்றாள் அவள். கோபமாகச் சொல்ல நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

"என்ன மீனு புடிக்கும்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். வந்து பாத்துத் தெரிஞ்சுக்கங்க."

2007இல் சந்தனக்கூடு விழாவை ஒட்டி அவர் விடுமுறையில் வந்தார். வாசலில் நின்றவளைப் பார்த்ததும், "நஃபீசாதானா?" என்றார். அவள் உண்மையாகவே இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. முழங்கால் மடங்கியது, தரையில் உட்கார்ந்து தொழுதாள். மாமிக்கு மட்டும் அது பெரிய மனக்குறை. "எம்மருமக சீக்காளி மாதிரி ஆயிட்டா. நீ போன்ல என்னத்தையோ சொல்லிக் கெடுத்துட்ட" என்றாள் மகனிடம்.

இந்தத் தடவை பெட்டியில் சாக்லேட் குறைவாக இருந்தது. பாசித் தாள், காடி, குறுகிய உருண்டை அரிசி, துணியில் சுற்றிய நீளமான கத்தி ஆகியவை இருந்தன. வந்த இரண்டாம் வாரம் ஒரு காலையில் அவர் ராக்குவிடம் இறால் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். மாமி பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தாள்.

"ஆம்பளப் புள்ள அடுப்படியில நின்னா பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"அங்கன இதான் உம்மா எனக்குச் சோறு போடுது" என்றார் அவர். மாமி திரும்பிப் போனாள்.

நஃபீசா பச்சை மீனையே தின்று பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். அதற்காக மனதைத் திடப்படுத்திக்கொண்டும் இருந்தாள். அவர் சம்மதிக்கவில்லை. "பச்சையாத் திங்கிற மீனைக் கடுங்குளிர்ல உறைய வச்சு எடுப்பாக. அப்பத்தான் உள்ள இருக்குற புழுப்பூச்சி சாகும். கரையில வாங்கி அப்படியே திங்கக் கூடாது. எறால் அவிச்சு வைக்கிறது அங்கனயும் உண்டுதான்" என்றார்.

சோற்றை வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, காடியைத் தெளித்து, ஓலை விசிறியால் விசிறினார். சபியா கல்லூரிக்குப் போயிருந்தாள். அவர் அடுப்படி மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நஃபீசாவை எதிரே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கையைத் தண்ணீரில் நனைத்து, ஒருமுறை தட்டினார். பிறகு அவருடைய கைகள் வேறொருவர் கைகளாகிவிட்டன. இடது கையில் சோறு, வலது கையில் இறால். இரண்டு விரலால் ஒரு அழுத்து, ஒரு திருப்பு, மறுபடி ஒரு அழுத்து. முதுகு நேராக இருந்தது. முகத்தில் ஊரில் அவள் ஒருநாளும் பார்த்திராத ஒரு தெளிவு. இந்த மனிதரை அவளுக்குத் தெரியாது. தன் புருசனின் வாழ்நாளில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் இவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் அதை அவள் முன்னால் வைத்துவிட்டு இரண்டு கையையும் தாழ்த்தி நின்றார்.

அவள் பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள். சோறு ஆறியிருந்தது. புளிப்பும் இனிப்புமாக, நாக்குக்குப் புரியாத ருசி. மிளகாய் இல்லை, புளி இல்லை, தேங்காய் இல்லை. உண்மையில் அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மென்று விழுங்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"காடி கூடிருச்சா?" என்றார் அவர் பயந்துபோய்.

"இல்ல. இன்னொண்ணு குடுங்க."

அவர் உருட்டி உருட்டி வைத்தார். அவள் அவர் சொல்லியிருந்ததைப் போல மெதுவாக, பார்த்துப் பார்த்துத் தின்றாள். தாம்பாளத்தில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தபோது அவரே நிறுத்தினார். "போதும். ஒன்னோட இன்னைக்குச் சோறு அம்புட்டும் உள்ள போயிருச்சு. ராத்திரிக்கு மீனும் காயுந்தான்." மாமிக்கும் ஒன்று கொடுத்தார்கள். மாமி வாயில் வைத்துவிட்டு, "பழைய சோத்துல சீனியைப் போட்டாப்ல இருக்கு" என்று சொல்லிக் கொல்லைக்குப் போனாள். அவர் அதற்கு வெகுநேரம் சிரித்தார்.

அந்த விடுமுறை முழுவதும் அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவள் அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள். கிளம்புகிற அன்று, விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து நின்றபின், செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"காரல். தேங்காய் ஊத்தாம, காரல் ஆணம். துண்டு மீனை எல்லாருக்கும் போட்டுட்டு, அதைத்தான் சட்டியோட வச்சு முள்ளு முள்ளா உறிஞ்சுற."

அவள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். வேன் திருப்பத்தைத் தாண்டும்வரை அதை எடுக்கவில்லை.

முன்பெல்லாம் அவர் போனால் வீடு வெறுமையாகும். சில வாரங்களில் பழகிவிடும். இந்தத் தடவை பழகவில்லை. தன்னை அறியாத ஒருவருக்காக ஏங்குவதைவிடத் தன்னை அறிந்துகொண்டுவிட்டவருக்காக ஏங்குவது கடினமாக இருந்தது. காரல் வாங்கினால் அவர் நினைவு வந்தது. வாங்காவிட்டாலும் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் தின்று அதை அடக்கவில்லை. நடந்தாள். வெள்ளிக்கிழமைகளுக்காக வாழ்ந்தாள். ராமநாதபுரத்து டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோது, "வீட்டுக்காரவுக சொன்னபடி திங்கிறேன்" என்றாள். "பரவாயில்லையே, கூடவே இருந்து பாத்துக்கிறாரா?" என்றார் டாக்டர். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

2009 தொடக்கத்தில் துபாயில் வேலைகள் நின்றன. கட்டிக்கொண்டிருந்த கட்டிடங்களை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டலில் அந்த ஜப்பான் பகுதியை மூடினார்கள். ஹமீது சுல்தான் ஒரு வெள்ளிக்கிழமை போனில், "மொத்தமா வந்துர்றேன் நஃபீசா" என்றார்.

அவள் அன்று நன்றி சொல்லி ஷுக்ராக இரண்டு ரகஅத் தொழுதாள். இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்ட துஆவை அல்லாஹ் கபூலாக்கி ஏற்றுக்கொண்டான்.

அவர் வந்தார். பெட்டிகளை வைத்தார். முதல் மாதம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். பிறகு அவர் சும்மா உட்காரத் தொடங்கினார். விடிந்ததும் கரைக்குப் போய், வள்ளங்களிலிருந்து மீன் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூறு போட்டிருக்கும் சூரையைப் புரட்டிச் செவுளைத் திறந்து பார்ப்பார். வாங்காமல் வந்துவிடுவார். "மீனு வாங்கலையா மச்சான்?" என்றால், "ம்" என்பார். ஒருநாள் அவள் அரிசியும் காடியும் எடுத்து வைத்து, செய்து தரச் சொன்னாள். "இன்னொரு நாளைக்கு" என்றார். அவர் கைகள் மடியில் கிடந்தன. சில சமயம் இரண்டு விரல்கள் மட்டும் தானாக மடங்கி எதையோ அழுத்தும்.

பேச்சும் குறைந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் இருந்தார்கள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், கேட்க என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ முடிகிற நேரத்தில் நஃபீசா தன்னை அறியாமல் கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். பிறகு எதற்கு வந்தோம் என்று உறைத்துத் திரும்புவாள்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் தோஹாவிலிருந்து கூப்பிட்டார். அங்கே புதுக்கடை திறக்கிறார்களாம், இவரைப் போலக் கைத்திறன் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பத்து மணி நேரம் நிக்க முடியாது. முழங்கால் போச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார். அவருக்கும் முழங்கால் வலி இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நஃபீசா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போணும்னு இருக்கா?"

"நாப்பத்தாறு வயசாச்சு. எங்கன போறது?"

"நான் அதைக் கேக்கல."

அவருடைய இரண்டு விரல்கள் மடியில் எதையோ அழுத்தின. அவளுக்குக் கோபம் வரவில்லை. எதிர்பார்த்துக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மனசில் இருந்ததை மட்டும் கேட்டாள்.

"போன்ல எங்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தாரே ஒரு மனுசரு, அவரு எங்க மச்சான்?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். "அந்த ஆளு அங்கனயே தங்கிட்டான் போல."

"வரச் சொல்லுங்க. நான் ஒருத்தி இங்கன இருக்கேன்ல."

அதற்காக மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. சில நாட்கள் கழித்து, சுபுஹு தொழுதுவிட்டு அவள் கிளம்பும்போது அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நூர் நிஷா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி நின்றுகொண்டாள். இருவரும் கடற்கரை ரோட்டில் நடந்தார்கள். அவரால் வேகமாக வர முடியவில்லை. நிற்கப் பழகிய கால்கள், நடக்கப் பழகவில்லை. பாதி தூரத்தில் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ட்டு வா" என்றார்.

அவள் தனியாகக் கடைசிப் பனைமரம்வரை போனாள். திரும்பும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தூரத்தில் அவர் வள்ளத்தின் மேல் சிறிய உருவமாகத் தெரிந்தார். முகம் கடலைப் பார்த்திருந்தது. அவள் வருகிற பக்கம் அவர் திரும்பவில்லை. நஃபீசா புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடையை எட்டிப் போட்டாள்.